தாழ்ப்பாள் விழுந்தால்தான் டீ

நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது கைப்பேசியிலேயே சாய்தளத்தின் சரிவு பார்க்கிறார்களாம். தரையில் வைத்தால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அதுவே எண் காட்டிவிடுமாம். அதனால் பழைய சக்கர நாற்காலியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்க, போன மாதம் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அதுல ஜாஸ்தி உக்காந்தவரு நீங்கதான் சார். ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தோம்" என்றார்கள். போகும்போது, அந்த நாற்காலியைப் பற்றி நம் செய்தி மடலுக்கு எழுதிக் கொடுங்கள் என்று ஒரு குண்டையும் போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதினால் தப்பு வருமோ, எழுதாவிட்டால் நாற்காலி போய்விடுமோ என்று இரண்டு பக்கமும் பயம். "கவலப்படறதுக்கு ஒண்ணும் இல்லாம ஒரு மாசமா சொம்மா இருந்த. இப்பதான் மூஞ்சில களை வந்துகீது" என்றாள் என் மனைவி.

பயிற்சிக் காலம் என்று எனக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. கல் சுமந்தேன், கலவை போட்டேன், கொத்தனார் ஆனேன், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷெட்டுகள் கட்டும் மேஸ்திரி ஆனேன். எல்லா மேஸ்திரிக்கும் நடப்பதுதான். என்னிடம் இருந்த வித்தியாசம், கட்டிய சுவரை மறுநாள் போய் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால், எப்படி நிற்கிறது என்று கவலைப்படுவேன்.

ஒருநாள் ஒரு படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாக வந்த ஓர் அம்மா நின்று பார்த்தார்.

"எதுக்கு இப்படி ஆட்டறீங்க?"

"யாராச்சும் புடிக்கும்போது கையோட வந்துட்டா இன்னா பண்றதுன்னு மேடம்."

"யாரு புடிப்பாங்க?"

"அது தெரியலயே. தெரிஞ்சா கவலயே இல்லயே."

அந்தப் பதிலுக்காகவே என்னை வேலைக்கு எடுத்ததாகத் தேவகி மேடம் பிற்பாடு சொன்னார். அவர் கட்டடப் பொறியாளர். சின்னதாக ஒரு தொண்டு அமைப்பு நடத்தினார். ஊர்ச் சங்கம், சர்ச், மகளிர் குழு என்று யாராவது சேர்ந்து ஒரு கட்டடம் வைத்திருப்பார்கள் இல்லையா, அதற்குள் ஊரில் எல்லோரும் நுழைய வழி செய்வது, அப்படியே கரண்ட்டையும் தண்ணீரையும் வெயிலையும் கொஞ்சம் அடக்கி வைப்பது, இதுதான் எங்கள் வேலை.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் திட்டமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வேனின் பின்னால் எப்போதும் ஒரு சக்கர நாற்காலி கிடக்கும். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அது இறங்கும். அந்தக் கட்டடத்தை நடத்துகிறவர்களில் ஒருவர் அதில் உட்கார வேண்டும். யாரும் தள்ளக்கூடாது. தெரு வாசலிலிருந்து தானே உருட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மற்றவர்கள் உட்காரும் இடத்துக்குப் போக வேண்டும். பானையில் தானே மொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். கடைசியாகக் கழிப்பறைக்குள் போய், கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டும். அந்தச் சத்தம் வெளியே கேட்கும்வரை மேடம் டீயைத் தொடமாட்டார்.

இது பார்க்கச் சின்ன விஷயம். நம் பக்கத்து ஊர்களில் வந்தவர் டீ குடிக்கவில்லை என்றால் அந்தக் குடும்பமே அரண்டுபோகும். மேடம் அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

உட்கார யாரும் முன்வராத ஊரில் நான் உட்கார வேண்டும். அநேகமாக எல்லா ஊரிலும் நான்தான். ஆர்.கே.பேட்டையில் மட்டும் ஒரு விவசாயிகள் சங்கத் தலைவர் தைரியமாக உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்று கூட்டம் முடியும்வரை அதிலேயே இருந்தார். வேனில் ஏற்றும்போது பிரிய மனமில்லாமல் பார்த்தார்.

வள்ளூரில் நடந்தது வேறு. அங்கே ஒரு சர்ச்சின் கூடத்துக்குச் சாய்தளம் போட்டு முடித்து, சரி பார்க்கப் போயிருந்தோம். பக்கத்தில் பெண்கள் ஜெபக் கூட்டம். நான் நாற்காலியில் பாதி தூரம் ஏறியிருப்பேன். காலையில் யாரோ தரை கழுவிய ஈரம். சக்கரம் வழுக்கிப் பின்னால் போக ஆரம்பித்தது. எனக்கு உயிர் போய்விட்டது. நாற்காலியை விட்டுக் குதித்து ஒரே ஓட்டமாக மேலே ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள். ஒரு பாட்டியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி வருசமா நடக்கலப்பா?"

"காத்தால கூட நடந்தேம்மா."

"பயப்படாத. வந்து சாட்சி சொல்லு."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கீழே கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஏகாம்பரம், சாட்சி அப்புறம் சொல்லலாம். தரையைச் சொரசொரப்பா கொத்தணும், குறிச்சுக்கங்க. இப்ப மறுபடியும் உக்காருங்க, இன்னும் தாழ்ப்பாள் போடல" என்றார். அந்தப் பாட்டியம்மாவுக்கு என்னை மறுபடி நாற்காலியில் பார்த்ததும் பெரிய வருத்தம். விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

நான் எழுத உட்கார்ந்தது ஆரம்பாக்கத்தைப் பற்றி.

அந்த ஊர்க் கூடம் தாழ்ந்த இடத்தில் இருந்தது. மழைக்கு வயல் தண்ணீர் புகாமல் இருக்கத் தரையை மூன்றடி தூக்கிக் கட்டியிருந்தார்கள். நெட்டுக்குத்தாகப் படி, பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. கூடத்தின் தலைவர் முனிரத்தினம், நிலபுலன் உள்ளவர், ஊரே நைனா என்று கூப்பிடும். அந்தக் கூடத்தில்தான் மகளிர் குழுக்கள் எல்லாம் சேர்ந்து மாதக் கூட்டம் போடும். அவற்றுக்குத் தலைவி ஸ்டெல்லா. சின்ன வயதில் போலியோ வந்தவர். சமதரையில் ஊன்றுகோலோடு நடப்பார், படி ஏற முடியாது. இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வருவார். ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவி கீழே வெயிலில் வண்டியில் இருப்பார். கூட்டம் மேலே நடக்கும். கையெழுத்துக்கு நோட்டு மட்டும் படியிறங்கி வரும்.

நாங்கள் போன அன்று வழக்கம்போல நாற்காலி இறங்கியது. நைனா இரண்டடி பின்னால் போனார்.

"நல்லாருக்கற மன்சன் அதுல குந்தக் கூடாது மேடம். குந்தினா அதுவே நெலச்சிடும்னு சொல்லுவாங்க."

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு நிலைத்தால் பரவாயில்லை போலிருக்கிறது. உட்கார்ந்து உருட்டினேன். முதல் படியில் முட்டி நின்றேன். மேடம் மட்டும் மேலே போய்க் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு உத்தரவு இல்லை. உச்சி வெயில்.

"அண்ணா, இப்டி வாங்க. வேப்பமர நெழலு கொஞ்சம் கீது" என்றார் ஸ்டெல்லா.

"மேடம் எறங்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்கம்மா."

"யாரு எறங்கச் சொன்னது? உருட்டினு வாங்க."

அவர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மேலேயிருந்து மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது.

"இன்னாம்மா பேசறாங்க? ஒண்ணும் கேக்கல."

"எனக்கும் கேக்காது. பழகிடுச்சு. இப்ப சத்தமே இல்ல பாருங்க, கணக்கு படிக்கறாங்க. இப்ப நைனா தொடையத் தட்டுவாரு."

மேலே பட்டென்று ஒரு சத்தம்.

"இப்ப எல்லாரும் சிரிப்பாங்க."

சிரித்தார்கள்.

"இன்னா ஜோக்கும்மா?"

"அதான் எனக்கும் தெரியாது அண்ணா. மூணு வருசமா."

அவரே சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். ஒரு தடவை நான்கு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு மேலே தூக்கிப் போயிருக்கிறார்கள். "சாமி ஊர்வலம் மாதிரி. எல்லாரும் என்னையே பாத்துகினு இருந்தாங்க. தீர்மானத்த ஒருத்தரும் பாக்கல. அதோட போதும்னுட்டேன்." கூட்டம் இருக்கும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டாராம். அந்தக் கூடத்தில் அவர் போகக்கூடிய கழிப்பறை இல்லை. அப்படியும் முடியாதபோது பாதிக் கூட்டத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

மேலே மேடத்திடம் நைனா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். "நல்ல பொண்ணுதான் மேடம், குத்தம் சொல்லல. ஆனா தலைவின்னா மேல வந்து குந்தணும், முடியற வரைக்கும் இருக்கணும். நோட்ட எடுத்துகினு எறங்கி ஏறதுக்குள்ள எனக்கு முட்டி உட்டுப்போவுது. பொங்க கழிச்சி ஆண்டுக் கூட்டம். வேற ஆளப் போட்டுக்கலாம்னு கீறோம்."

பிறகு டீ வந்தது.

"எங்க ஏகாம்பரம் மேல வந்து தாழ்ப்பாள் போடட்டும். சேர்ந்து குடிக்கறேன்" என்றார் மேடம்.

"எங்க ஊட்டு எருமப்பாலு மேடம்."

"வாசனையே சொல்லுது."

டீ மூன்று தடவை சூடாகி மூன்று தடவை ஆறியது. வேன் புறப்படும்போது நைனாவின் முகம், பெண் பார்க்க வந்தவர்கள் கை நனைக்காமல் போனதுபோல இருந்தது. மறுவாரம் அவரே போன் பண்ணினார். "அந்த ரேம்ப்பு இன்னாவோ சொன்னீங்களே, வந்து பாருங்க. அப்பவாச்சும் டீ குடிப்பீங்களா?"

இப்படித்தான் வேலை தொடங்கியது. அதன் பிறகுதான் பேஜாரே.

மூன்றடி ஏற முப்பத்தாறு அடி நீளம் வேண்டும், அடிக்கு அங்குலம் என்பது கணக்கு. நைனா பதினைந்து அடிக்கு மேல் தர முடியாது என்றார்.

"பாஞ்சு அடியில ஜோரா ஏறலாமே மேஸ்திரி."

"ஏறலாம் நைனா. எறங்கும்போது நேரா ஜி.என்.டி. ரோட்டு லாரி அடியிலதான் போய் நிக்கும்."

நீளமாகப் போட வேண்டுமென்றால் முன்பக்கச் சுவரை ஒட்டித்தான் போட வேண்டும். அந்தச் சுவரில் கருங்கல்லில் உபயதாரர்கள் பெயர் வெட்டியிருந்தது. முதல் பெயர் நைனாவின் அப்பா. சாய்தளம் வந்தால் கல் அதன் பின்னால் மறைந்துவிடும். கல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்கப்பாரப் பேக்கறேன்றியா?"

அந்தக் கூடத்தில் பெயர் இல்லாத பொருளே கிடையாது. டியூப் லைட்டின் குறுக்கே உபயம் என்று சிவப்பு மையில் பெயர் எழுதியிருக்கும். எழுத்து போக மிச்சமிருந்த இடத்தில் வெளிச்சம் வரும். மின்விசிறி இறக்கைக்கு ஒரு பெயர். சுற்றும்போது படிக்க முடியாது என்பதால் சிலர் விசிறியைப் போட விடமாட்டார்கள். ஜன்னல்களை நன்கொடையாளர் படம் போட்ட பிளெக்ஸ் பேனர்கள் அடைத்திருந்தன. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தும் கூடம் மங்கலாகத்தான் இருக்கும். மாட்டிய விளக்கைக் கழற்றச் சொன்னால் மாட்டியவர் சண்டைக்கு வருவார். நான் மூன்று வாரம் போய்ப் போய்த் திரும்பினேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் பதவி என்னால் போய்விடுமே என்று மறுபடியும் கிளம்பிப் போவேன்.

வழி சொன்னது ஸ்டெல்லாதான், வண்டியில் உட்கார்ந்தபடியே.

"நைனா, அந்தக் கல்லு இப்ப எங்க பாத்துகினு கீது?"

"படியப் பாத்துகினு கீது."

"ரோட்டுல போறவங்களுக்குத் தெரியுதா?"

"தெரியாது."

"ரேம்ப்பு போட்டா அதுக்கு வெளிப்பக்கம் ஒரு செவுரு வரும். அது ரோட்டப் பாக்கும். தாத்தா பேர அதுல பெருசா வெட்டினா, பஸ்ல போறவன் கூடப் படிச்சிகினு போவான்."

நைனா ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் போயிற்று. அது மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "சரிதான்" என்றார்.

செய்தி பரவியது. அடுத்த நாளே டியூப் லைட்காரர்கள் வந்தார்கள். டியூபில் எழுதினால் ரோட்டுக்குத் தெரியாதே. விசிறிக்காரர்கள் வந்தார்கள். இதுவரை எந்தக் கல்லிலும் பெயர் இல்லாத ஸ்டெல்லாவின் தெருக்காரர்கள், எல்லாம் மில்லிலும் கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து கும்பலாக வந்து, எங்கள் பெயரும் வேண்டும், சிமெண்ட் மூட்டை எங்களுடையது என்றார்கள்.

இப்போது புதுச் சிக்கல். சாய்தளத்தின் சுவர் மேலே மூன்றடி இருக்கும், கீழே வர வர ஒன்றுமில்லாமல் போகும். தாழ்ந்த பக்கத்தில் பெயருக்கு இடம் பற்றாது. சண்டை.

"ரேம்ப்ப இன்னும் நீட்டு மேஸ்திரி, அப்பதான் செவுரு மெதுவா எறங்கும், எங்க பேரும் வரும்" என்றார்கள்.

பதினைந்து அடிக்கு மேல் கிடையாது என்ற அதே கமிட்டி, நான் கேட்ட முப்பத்தாறைத் தாண்டிப் போயிற்று. முன்பக்கம் இடம் முடிந்து, மூலையில் திரும்பி, பக்கவாட்டிலும் போனது. என் வேலைக்காலத்தில் அவ்வளவு சாதுவான சாய்தளத்தை நான் கட்டியதில்லை. தூங்குகிறவன் கூட ஏறிவிடலாம். எல்லாம் பெயராசை செய்த புண்ணியம்.

மூலை திரும்பிய சுவர் மட்டும் ரோட்டைப் பார்க்காது, வயலைப் பார்க்கும். அங்கே யார் பெயர் என்று ஸ்டெல்லா சீட்டுக் குலுக்கினார். வந்த முதல் பெயர் நைனாவினுடையதே. அப்பா ரோட்டைப் பார்க்க, பிள்ளை வயலைப் பார்த்தார்.

"அது என் நெலந்தானே. நாத்து நடும்போது நானே படிச்சிக்கறேன்" என்றார். கெத்து குறையவில்லை.

அகலத்திலும் ஸ்டெல்லா ஒரு திருத்தம் போட்டார். எங்கள் அலுவலக அளவு நாற்காலிக்கானது. "நான் நாக்காலில வரமாட்டேன் அண்ணா. வண்டியிலதான் வருவேன். கீழ எறங்கி, அப்பால ஒருத்தன் கைய புடிச்சி ஏறறதுக்கு எதுக்கு இவ்ளோ சிமெண்ட்டு?" வண்டியை அளந்து அகலத்தைக் கூட்டினோம். பளபளவென்று வழவழக் கல் பதிக்க வேண்டும் என்று நைனா பிடித்த பிடியை மேடம் ஒரு குடம் தண்ணீரில் முடித்தார். மாதிரிக்கு நான்கு கல் வைத்து, தண்ணீர் ஊற்றி, "நீங்க முதல்ல நடங்க" என்றார். நைனா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். சொரசொரப்புத் தரையே போதும் என்று முடிவாயிற்று.

பெயர்கள் எல்லாம் வெளியே போனதும் உள்ளே வெளிச்சம் வந்தது. பேனர் இறங்கிய ஜன்னல்களில் வயல் காற்று. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மழைத் தண்ணீருக்குத் தொட்டி வைத்தோம். கூடத்தின் தரை மட்டத்திலேயே அகலக் கதவோடு ஒரு கழிப்பறை, சுவரில் கைப்பிடி, கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள். அந்தக் கைப்பிடியை நான் எத்தனை தடவை உலுக்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆண்டுக் கூட்டம் வந்தது. சாய்தளத்தின் வாயில் வாழைமரம் கட்டி, குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைத் தேடி நைனா வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ஆள் வருவதாக இல்லை. ஸ்டெல்லா வண்டியைக் கிளப்பினார்.

"இரும்மா, கத்திரி வருது."

"வரட்டும் நைனா. நேரமாவுது, உறுப்பினருங்க காத்துகினு கீறாங்க."

ரிப்பன் வண்டியின் கண்ணாடியில் மாட்டி அவரோடு மேலே போயிற்று. மூலையில் திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் உள்ளே ஊன்றுகோலோடு நடந்து, தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பானையில் மொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். எல்லோரும் பார்க்க இன்னொரு டம்ளரும் குடித்தார்.

கணக்கு படித்தார்கள். நைனா தொடையைத் தட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"இதுக்கா மூணு வருசமா சிரிச்சீங்க?" என்றார்.

அதற்குத்தான் கூடம் அதிர்ந்தது.

அடுத்தது தலைவி தேர்தல். நைனா எழுந்தார். "முடியற வரைக்கும் இருக்கணும், அதான் கண்டிசன்" என்று இழுத்தார். ஸ்டெல்லா, "இருக்கத்தான் போறேன் நைனா. அஞ்சு நிமிசம் பொறுங்க" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தார். கதவில் பூட்டு.

முந்தின நாள் சாயங்காலம் பார்த்தபோதுகூட அந்தப் பூட்டு இல்லை.

"புதுசாச்சே, அழுக்காயிடும்னு பூட்டி வெச்சேன்" என்றார் நைனா. "பெரிய ஆபீசருங்க யாராச்சும் வந்தா தொறக்கலாம்னு."

"தலைவி வந்துகீறேன் நைனா."

கூட்டம் முழுக்க நைனாவையே பார்த்தது. நைனா அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுத்தார். கதவு திறந்தது. உள்ளே கூரைவரை கல்யாண அண்டாக்கள். பெண்கள் வரிசையாக நின்று ஒவ்வொன்றாகக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு அண்டாவின் வயிற்றிலும் ஒரு பெயர் வெட்டியிருந்தது. எடுக்கும்போதே ஒருத்தி சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி அண்டா நைனாவின் மாமியார் உபயம். அதை நைனாவே தூக்கிக்கொண்டு போனார்.

ஸ்டெல்லா உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கூடத்தில் எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

தாழ்ப்பாள் விழுந்தது. நல்ல கனமான சத்தம்.

பின்வரிசையில் இருந்த மேடம் நைனாவைப் பார்த்து, "அந்த எருமைப்பால் டீ இன்னும் இருக்கா?" என்றார். நைனா அண்டாவைப் போட்டுவிட்டு ஓடினார்.

அன்று ஸ்டெல்லாவை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. கூட்டம் முடிய சாயங்காலம் ஆனது. கடைசி ஆள் போகும்வரை அவர் இருந்தார்.

நாற்காலியைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? கைப்பேசியைத் தரையில் வைத்துப் பாருங்கள், தப்பில்லை. சரிவைச் சொல்லும். பூட்டைச் சொல்லாது, அண்டாவைச் சொல்லாது. நாற்காலியைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். உட்கார ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட மனசில்லை. அன்று தாழ்ப்பாள் விழுந்ததும் எல்லோர் கைக்கும் டீ வந்தது. ருசித்துக் குடித்தார்கள். என் கையிலும் டம்ளர் இருந்தது. நான் குடிக்கவில்லை. போட்ட தாழ்ப்பாள் திரும்பத் திறக்குமா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தது. ஸ்டெல்லா வெளியே வந்து, என் டம்ளரைப் பார்த்தார்.

"இன்னா அண்ணா, ஆறிப்போச்சே."

"இப்ப குடிக்கறேம்மா" என்றேன்.

நைனா வாங்கிக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொடுத்தார்.